எஸ்25 அல்ட்ராவா, பிக்சல் 10 ப்ரோ எக்ஸ்எலா? வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நான் இருக்கிறேன், மாடியில் மச்சான் குடும்பம். என்னிடம் சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா இருக்கிறது, மச்சானிடம் கூகுள் பிக்சல் 10 ப்ரோ எக்ஸ்எல். சொந்தக்காரர்களோ ஆபீஸ் நண்பர்களோ, லட்ச ரூபாய்க்கு மேல் ஆண்ட்ராய்டு போன் வாங்க நினைக்கும் யாரும் கடைக்குப் போகும் முன் எங்கள் வீட்டுக்கு ஒரு நடை வந்துவிடுகிறார்கள். கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, எங்கள் இருவருக்கும் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"ரெண்டும் ஆண்ட்ராய்டு தானே அண்ணே, அப்படி என்னதான் வித்தியாசம்?"

சாம்சங் போன் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துத் தருகிறது. 6.9 அங்குலத் திரை, நான்கு பின்கேமரா, உள்ளேயே எஸ் பென் என்ற எழுதும் பேனா, கம்ப்யூட்டர் மாதிரி வேலை பார்க்க டெக்ஸ், ஆயிரம் செட்டிங்ஸ். பிக்சல் அதற்கு நேர் எதிர். 6.8 அங்குலத் திரை, மூன்று பின்கேமரா, குறைவான மெனுக்கள். போட்டோ, போன் கால், தட்டச்சு போன்ற தினசரி வேலைகளில்தான் அதன் கவனம் முழுவதும்.

சாம்சங்கில் 12 ஜிபி ரேம், பிக்சலில் 16 ஜிபி. இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அன்றாட வேலையில் தெரியாது. மெமரி கார்டு போடும் இடமோ ஹெட்போன் ஓட்டையோ இரண்டிலுமே கிடையாது. 256 ஜிபி போதுமா என்பதை வாங்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள், பின்னால் கூட்ட முடியாது.

"விலை எவ்வளவு? எப்ப வாங்குனா குறையும்?"

எஸ்25 அல்ட்ரா 2025 ஜனவரியில் 1,29,999 ரூபாய்க்கு வந்தது. பிக்சல் 10 ப்ரோ எக்ஸ்எல் அதே வருடம் ஆகஸ்டில் 1,24,999 ரூபாய்க்கு வந்தது. இரண்டும் 256 ஜிபி மாடலின் அறிமுக விலை.

இந்த மாதக் கணக்குதான் முக்கியம். தீபாவளித் தள்ளுபடி வரும்போது சாம்சங்கின் அந்த வருட மாடலுக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கும், அதனால் விலை நன்றாக இறங்கும். பிக்சலுக்கு அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும், பெரும்பாலும் கார்டு தள்ளுபடியோடு நின்றுவிடும். ஆகவே தீபாவளிக்கு வாங்குகிறவர்கள் அறிமுக விலையை வைத்து ஒப்பிட வேண்டாம். அன்றைய விலையை எடுத்து வைத்துப் பாருங்கள்.

"பெரிய போனா இருக்கே, கையில பிடிக்க முடியுமா?"

சாம்சங் 218 கிராம், பிக்சல் 232 கிராம். திரை பெரிதாக இருந்தும் சாம்சங் எடை குறைவு, அதன் சட்டம் டைட்டானியம். ஆனால் அகலம் கொஞ்சம் கூடுதல், ஒற்றைக் கையால் மெசேஜ் அடிப்பது என் மனைவிக்குச் சிரமமாகவே இருக்கிறது. சின்னக் கை என்றால் பிக்சல் 10 ப்ரோ என்று 6.3 அங்குலத்தில் ஒன்று இருக்கிறது. மூன்று பின்கேமராவும் அதில் அப்படியே உண்டு. அதையும் பார்த்துவிடுங்கள்.

"வெயில்ல நின்னா திரை தெரியுமா?"

பிரகாசத்தில் இரண்டும் போதும், எண் கணக்கில் பிக்சல் ஒரு படி மேலே. ஆனால் வெளியே நின்று பார்த்தால் சாம்சங்தான் தெளிவு. அதன் கொரில்லா ஆர்மர் 2 கண்ணாடி எதிரொளிப்பை வெகுவாகக் குறைக்கிறது. சித்திரை மாத மத்தியானம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிக்சலில் என் முகமும் பின்னால் நின்ற பஸ்ஸும் கண்ணாடிபோலத் தெரிந்தன. சாம்சங்கில் திரையில் இருந்தது மட்டும் தெரிந்தது.

இதில் ஒரு விஷயம். கடையில் 200 ரூபாய்க்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால் அந்த நன்மை அங்கேயே போய்விடும். மேலே ஒட்டிய கண்ணாடி பழையபடி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஒட்டியே ஆக வேண்டும் என்றால் எதிரொளிப்புத் தடுப்பு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

"கேமரா எது நல்லா இருக்கும்? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

மனிதர்களை எடுப்பதற்கு பிக்சல்.

ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாலும் இதற்கு மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். போன வருடம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மண்டபத்தில் எல்இடி விளக்கு, மாமா மடியில் அழுகிற குழந்தை, பக்கத்தில் அரக்குப் பட்டில் அப்பத்தா. நானும் மச்சானும் ஒரே இடத்தில் நின்று எடுத்தோம். என் சாம்சங்கில் அப்பத்தாவின் முகம் இரண்டு படி வெளுத்து, கன்னச் சுருக்கம் பாதி அழிந்து, அரக்கு நிறம் ரத்தச் சிவப்பாக வந்திருந்தது. மச்சானின் போனில் அப்பத்தா அப்பத்தாவாகவே இருந்தார். கருப்பு நிறம் கருப்பாக, நெற்றி விபூதியின் கோடு தனியாக, சரிகை சரிகையாக. குழந்தை கையை உதறியபோதும் பிக்சல் படம் பெரிதாகக் கலங்கவில்லை. 2021இல் பிக்சல் 6 வந்தபோது ரியல் டோன் என்ற பெயரில், எல்லாத் தோல் நிறங்களும் உள்ளபடி பதிவாக வேண்டும் என்று கூகுள் வேலையைத் தொடங்கியது. நம் ஊர் முகங்களுக்கு அது எவ்வளவு தேவை என்று அந்தப் படத்தைப் பார்த்த அன்று புரிந்தது. போனில் முகத்தை வெளுக்க வைப்பதை அழகு என்று நாம் பழகிக்கொண்டோம். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

சாம்சங்குக்கு வேறு பலம் இருக்கிறது. 200 மெகாபிக்சல் முதன்மைக் கேமராவில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தை எவ்வளவு வெட்டினாலும் விவரம் மிஞ்சும். 3 மடங்குக்கும் 5 மடங்குக்கும் தனித்தனி ஜூம் கேமரா இருப்பதால் பள்ளி ஆண்டு விழாவில் பின்வரிசையில் உட்கார்ந்தாலும் மேடையில் உங்கள் பிள்ளையைப் பிடித்துவிடலாம். பிக்சலில் 5 மடங்குக் கேமரா ஒன்றுதான்.

"நூறு மடங்கு ஜூம்னு ரெண்டு பேருமே சொல்றாங்களே, அது உண்மையா?"

இரண்டிலும் 100 வரை போகும், ஆனால் போகும் வழி வேறு. 30 மடங்கைத் தாண்டினால் பிக்சல் போனுக்குள் இருக்கும் ஏஐ இல்லாத விவரங்களை ஊகித்து வரைந்து நிரப்புகிறது. மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை வீதியில் நின்று அப்படி எடுத்துப் பார்த்தோம். கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது என்பது உங்களுக்கே தெரியும். சுதைச் சிற்பங்கள் பளிச்சென்று வந்தன. ஆனால் ஒரு சிலையின் கையில் இருந்த ஆயுதம் நிஜத்தில் இருப்பதுபோல் இல்லை. சாம்சங் படம் மங்கலாக இருந்தது, ஆனால் கண்டபடி எதையும் புதிதாக வரையவில்லை.

மனித முகங்களில் இந்த வேலையைச் செய்ய கூகுள் விடுவதில்லை, அது நல்ல முடிவு. மேலும் பிக்சல் அசல் படத்தையும் கூடவே சேமிக்கிறது. ஆவணமாக வைக்கப் படம் எடுப்பவர்கள் அந்த அசலை மட்டும் பயன்படுத்துங்கள்.

"வீடியோ?"

சாம்சங். 8கே, 4கேயில் நொடிக்கு 120 பிரேம், எல்லாமே உடனுக்குடன் கையில். பிக்சலின் வீடியோ பூஸ்ட் இரவு வீடியோவை அருமையாக மாற்றும், ஆனால் அதற்குக் காட்சி கூகுள் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். நல்ல வைஃபை இல்லாத வீட்டில் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

"தம்பி கேம் நிறைய விளையாடுவான். பிக்சல் சூடாகுமாமே?"

அந்தப் பெயர் பழைய டென்சர் சிப்களால் வந்தது, அவை சாம்சங் ஆலையில் தயாரானவை. பிக்சல் 10 வரிசையின் டென்சர் ஜி5 தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 3 நானோமீட்டர் முறையில் தயாராகிறது. கால் பேசும்போதும் மேப் ஓடும்போதும் சூடாகிற தொல்லை நன்றாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் கேமுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், எஸ்25 அல்ட்ராதான். அதிலுள்ள ஸ்னாப்டிராகன் 8 எலைட் சிப் வேகத்தில் வெகுதூரம் முன்னால் இருக்கிறது. டென்சர் ஜி5இல் கிராபிக்ஸ் பகுதி இமாஜினேஷன் நிறுவனத்துடையது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கேம்களை ஸ்னாப்டிராகனின் கிராபிக்ஸ் பகுதியான அட்ரினோவை மனதில் வைத்தே செதுக்குகிறார்கள், அதனால் கனமான கேம்களில் பிக்சல் தடுமாறும். தம்பி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் விளையாடுகிறவன் என்றால்கூட இந்த ஒன்றை வைத்தே முடிவெடுக்கலாம்.

"பேட்டரி ஒரு நாள் நிக்குமா? எங்க வீட்ல 80 வாட்ஸ் சார்ஜர் இருக்கு, அது போதுமா?"

இரண்டும் ஒரு நாள் நிற்கும். பிக்சலில் 5,200 எம்ஏஎச், சாம்சங்கில் 5,000. ஆனாலும் நாள் முழுக்க வெளியே சுற்றினால் சாம்சங் கொஞ்சம் கூடவே தாங்குகிறது, அந்தச் சிப்பின் சிக்கனம் அப்படி.

பெட்டியில் இரண்டிலுமே சார்ஜர் இல்லை. உங்கள் 80 வாட்ஸ் சார்ஜர் வேறு பிராண்டின் சொந்த முறையில் இயங்குவது, அதனால் இந்தப் போன்களில் மெதுவாகவே ஏறும். கேட்டு வாங்க வேண்டியது யுஎஸ்பி பவர் டெலிவரியோடு பிபிஎஸ் (போன் கேட்கும் அளவுக்கு மின்னழுத்தத்தை மாற்றித் தரும் முறை) உள்ள 45 வாட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட சார்ஜர். சாம்சங்குக்கு முழு 45 வாட்ஸ் ஏற 5 ஆம்பியர் கேபிளும் வேண்டும். நான் முதலில் வாங்கிய சார்ஜரோடு கடைக்காரர் தந்தது 3 ஆம்பியர் கேபிள். இரண்டு வாரம் போனில்தான் பழுது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வயர்லெஸ் சார்ஜிங்கில் பிக்சல் முன்னால். காந்தம் உள்ளேயே இருக்கிறது, 25 வாட்ஸ் வரை ஏறும். சாம்சங்கில் 15 வாட்ஸ்தான், காந்தம் வேண்டுமென்றால் காந்தம் வைத்த கவர் தனியாக வாங்க வேண்டும்.

"பிக்சல் பேட்டரியை கூகுளே குறைச்சிடும்னு சொல்றாங்களே, நெசமா?"

உண்மைதான். பேட்டரி ஹெல்த் அசிஸ்டன்ஸ் என்று ஒரு வசதி. 200 சார்ஜ் சுற்று முடிந்ததிலிருந்து 1,000 சுற்று வரை, பேட்டரியின் உச்ச மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும். பேட்டரி வயதாகும்போது பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது காரணம். தினமும் ஒரு முழு சார்ஜ் போடுகிறவருக்கு ஏழாவது மாதத்திலேயே இது தொடங்கிவிடும். பிக்சல் 10 வரிசையில் இதை அணைக்க முடியாது.

எல்லா லித்தியம் பேட்டரியும் தேயும், சாம்சங்குடையதும் தேயும். ஆனால் சாம்சங்கில் 80 சதவீதத்தோடு நிறுத்துவதா, முழுதாக ஏற்றுவதா என்பது உங்கள் கையில். லட்சம் ரூபாய் கொடுத்தவருக்கு அந்த உரிமை இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். மச்சான் இதில் எனக்கு மாறானவர். தானாகவே பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஒரு கவலை விட்டது என்கிறார்.

"எஸ் பென் எனக்குத் தேவைப்படுமா?"

பிடிஎப்பில் கையெழுத்துப் போடுபவர், பாடம் நடத்துபவர், வரைபவர் என்றால் தேவைப்படும். மற்றவர்கள் முதல் வாரம் எழுதிப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள். எஸ்24 அல்ட்ராவில் பேனாவின் பொத்தானை அழுத்தி தூரத்திலிருந்து போட்டோ எடுக்கலாம். எஸ்25 அல்ட்ராவில் பேனாவின் புளூடூத்தை எடுத்துவிட்டார்கள், ஆகவே அது முடியாது. பழைய வீடியோவைப் பார்த்து அதற்காக வாங்காதீர்கள்.

"ஏஐ ஏஐங்கிறாங்க. தமிழ்ல பேசுமா?"

கூகுளின் ஏஐ உதவியாளர் ஜெமினி தமிழில் பேசும், இரண்டு போனிலும். குரலில் கேட்கலாம், பதிலும் குரலில் வரும். ஆனால் போன் காலை உடனுக்குடன் மொழிபெயர்க்கிற வசதி வெளியானபோது இரண்டிலும் இந்தி இருந்தது, தமிழ் இல்லை. விளம்பரத்தில் பார்த்துவிட்டு, வட இந்திய வியாபாரியோடு தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்று ஒரு பெரியவர் ஆசையாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கே வருத்தமாக இருந்தது.

அறிமுகமானபோது பிக்சலோடு ஒரு வருடம் கூகுள் ஏஐ ப்ரோ சந்தா (ஜெமினியின் கட்டணப் பதிப்பு) இலவசமாகத் தந்தார்கள், சாம்சங்கோடு ஆறு மாதம். ஜியோவின் அன்லிமிடெட் 5ஜி பிளான்காரர்களுக்கு அதே சந்தாவை 18 மாதம் இலவசமாகத் தருவதாக 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். அதனால் இதை ஒரு காரணமாக வைத்துப் போன் எடுக்க வேண்டாம்.

"கால் ரெக்கார்டிங் ரெண்டுலயும் உண்டா?"

உண்டு. இந்தியாவில் விற்கும் சாம்சங்கில் அதன் சொந்த டயலரிலேயே இருக்கிறது, அறிவிப்பு எதுவும் வராது. பிக்சலில் பதிவு தொடங்கும்போது இரண்டு பக்கத்துக்கும் அறிவிப்பு கேட்கும். கேட்காமல் ஒருவரின் பேச்சைப் பதிவது நியாயமா என்பது வேறு கேள்வி, என்னைக் கேட்டால் சொல்லிவிட்டுச் செய்வதே சரி.

"ரெண்டு சிம்மும் கார்டா போட முடியுமா?"

சாம்சங்கில் போடலாம். பிக்சலில் ஒரு கார்டுக்குத்தான் இடம், இன்னொன்று இ-சிம்மாக (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) இருக்க வேண்டும். வங்கி ஓடிபி வருகிற எண்ணை இ-சிம் ஆக்கினால், போன் திடீரென்று உடைந்த அன்று கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ள முடியாது. பிக்சல் வாங்குகிறவர்கள் ஓடிபி எண்ணைக் கார்டாகவே வைத்துக்கொண்டு இன்னொன்றை இ-சிம் ஆக்குங்கள்.

"ஏழு வருஷம் அப்டேட்னா ஏழு வருஷமும் ஓட்டலாமா?"

மென்பொருள் கணக்கில் ஓட்டலாம். இரண்டுக்கும் 2032 வரை வாக்குறுதி இருக்கிறது. புதிய ஆண்ட்ராய்டு பிக்சலுக்கு முதலில் வரும். ஆண்ட்ராய்டு 16 பிக்சலுக்கு 2025 ஜூனில் வந்தது, எஸ்25 வரிசைக்குச் செப்டம்பரில்தான் வந்தது.

ஆனால் ஏழு வருடம் ஓட வேண்டும் என்றால் நடுவில் ஒரு முறையாவது பேட்டரி மாற்ற வேண்டும். மேலே பேட்டரி பற்றிச் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். அப்போது உங்கள் ஊரில் அதை மாற்றித் தர யார் இருக்கிறார் என்பதுதான் அப்டேட்டைவிடப் பெரிய கேள்வி.

"எங்க ஊர் தேனி. பிக்சலுக்கு இங்க சர்வீஸ் கிடைக்குமா?"

சாம்சங் சர்வீஸ் சென்டர் தமிழ்நாட்டின் சிறிய நகரங்களில்கூட இருக்கிறது. பிக்சலுக்கு அப்படி இல்லை, பெருநகரங்களில்தான் நேரில் போய்க் கொடுக்கலாம், மற்றவர்கள் கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கும். போனை அனுப்பிய நாட்களில் யுபிஐ, ஆபீஸ் வாட்ஸ்அப் எல்லாம் எதில் ஓடும்? வீட்டில் ஒரு மாற்றுப் போன் இருந்தால் பிக்சல் வாங்குங்கள். ஒரே போன்தான் தொழிலுக்கும் வீட்டுக்கும் என்றால், பெருநகரத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு நான் சாம்சங்தான் சொல்வேன். கேமராவில் பிக்சலை அவ்வளவு புகழ்ந்த பிறகும் இதைச் சொல்கிறேன்.

"அமெரிக்காவுல இருந்து அத்தான் வர்றார். அங்க விலை கம்மியாம், வாங்கிட்டு வரச் சொல்லவா?"

பிக்சல் 10 ப்ரோ எக்ஸ்எல் என்றால் வேண்டாம். அமெரிக்காவில் விற்கும் மாடலில் சிம் கார்டு போடும் இடமே கிடையாது, முழுக்க இ-சிம்தான். மேலே சொன்ன ஓடிபி யோசனையே அங்கே செல்லாது. அங்கே வாங்கிய சாம்சங்கிலும் ஒரு கார்டுக்குத்தான் இடம். வாரண்டியும் இங்கே செல்லாது. மிச்சமாகும் பணம் ஒரு டிஸ்பிளே உடைந்தால் போய்விடும்.

"நோ காஸ்ட் இஎம்ஐன்னா நெசமாவே வட்டி இல்லையா?"

வங்கி வட்டி போடுகிறது, அந்த அளவுக்கு விலையில் முன்கூட்டியே கழித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அது உங்கள் தலையில்தான். மாதம் 10,000 ரூபாய் வீதம் 12 மாதம், வங்கி வட்டி 15 சதவீதம் என்று வையுங்கள். வட்டி 9,200 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். அதற்கு ஜிஎஸ்டி ஏறக்குறைய 1,650. அப்புறம் பிராசஸிங் கட்டணம் தனி. இஎம்ஐ எடுத்தால் கார்டு தள்ளுபடி கிடைக்குமா, முழுப்பணத்துக்கு எவ்வளவு தள்ளுபடி என்று இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"இவ்வளவு படிச்சும் முடிவு வரலையே. கடையில நின்னு எதைப் பார்க்கணும்?"

கூட வந்தவரை நடக்கச் சொல்லி, அவர் நடக்கும்போதே இரண்டு போனிலும் முகத்தை எடுங்கள். படத்தைப் பெரிதாக்கித் தோல் நிறத்தைப் பாருங்கள். பிறகு ஒற்றைக் கையால் தமிழில் நான்கு வரி அடியுங்கள், கட்டைவிரல் மறுகோடி வரை போகிறதா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் விட்டால் போனை வாசல் வரை கொண்டுபோய் வெயிலில் பாருங்கள்.

வாங்கியதும் பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். *#06# அழுத்தினால் வருகிற ஐஎம்இஐ எண், பெட்டியில் இருக்கும் எண், பில்லில் இருக்கும் எண் மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் படி இறங்குங்கள்.